பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவிக்கு எது காவல்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், மஃக்ரிபுத் தொழுகைக்குப் பின் நம் குன்னத்தூர் மதரஸாவில் பிள்ளைகளுக்கு அமானிதம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்த பொருளை எவ்வாறு காக்க வேண்டும்?" என்று கேட்டோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "பீரோவுல வெச்சுப் பூட்டோணுங்க ஹஜ்ரத்" என்றான். சரியான விடைதான். ஆனால் அவன் அத்துடன் அமரவில்லை. "எங்க அத்தா துப்பாக்கியக்கூட அப்படித்தானுங்க வெச்சிருக்காரு. சாவி அம்மாவோட தையல் மெசின் டிராயர்ல இருக்குதுங்க" என்றான்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சிறுவனின் தந்தை பனியன் ஜாப் ஒர்க் நடத்துபவர். சனிக்கிழமைதோறும் தொழிலாளருக்கு வாரக்கூலி கொடுக்கத் திருப்பூரிலிருந்து ரொக்கமாகப் பணம் எடுத்து வருவார். அந்த அச்சத்தில் முறையாக விண்ணப்பித்து, உரிமம் பெற்று, ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார். இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குச் சென்று செய்தியைச் சொன்னோம். "அவனுக்கு அது இருக்கிற இடமே தெரியாதுங்க ஹஜ்ரத்" என்றார். "பாய், தையல் மெசின் டிராயரைத் திறந்து பாருங்கள்" என்றோம். அவர் முகம் வெளிறியது. புடவை அடுக்கின் கீழே துணியில் சுற்றிக் கிடந்த அந்த ரிவால்வரில் ஆறு தோட்டாக்களும் நிரப்பப்பட்டிருந்தன.

அன்றிரவு தொடங்கி இது பற்றிப் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம். துப்பாக்கி உள்ள இல்லங்கள் நம்மிடையே மிகச் சில. ஆயினும் பூட்டும் சாவியும் இல்லாத இல்லம் ஏது?

பெற்றோர் அறியாதது

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கிராமப்புறக் குடும்பங்களிடையே நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே வினவினர். "எங்கள் பிள்ளைக்கு அது இருக்கும் இடம் தெரியாது" என்று உறுதி கூறிய பெற்றோரின் பிள்ளைகளில் நூற்றுக்கு 39 பேர், தமக்கு இடம் தெரியும் என்றனர். "எங்கள் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை" என்று கூறிய பெற்றோரின் பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர், தாம் அதைக் கையில் எடுத்ததுண்டு என்றனர்.

2001இல் வெளியான அட்லாண்டா நகர ஆய்வு இன்னும் அச்சுறுத்துவது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 64 சிறுவர்களை இருவர் மூவராகச் சேர்த்து 29 குழுக்களாக ஓர் அறையில் விட்டனர். மேசை இழுப்பறை ஒன்றில் தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி இருந்தது. கால் மணி நேரத்தில் 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரேனும் ஒரு சிறுவன் விசையை இழுத்தான். துப்பாக்கியைக் கையாண்ட சிறுவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், துப்பாக்கி ஆபத்து பற்றி முன்பே அறிவுரை பெற்றவர்கள்!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? அறிவுரை தேவைதான், ஆனால் அறிவுரை பூட்டு ஆகாது. ஒளித்து வைத்தலும் பூட்டு ஆகாது. திருடனுக்கு அஞ்சி வாங்கும் பூட்டு, முதலில் நம் வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் காக்க வேண்டும்.

சட்டம் கேட்பது

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். 2016இல் வந்த ஆயுத விதிகள், ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைப்பதாக விண்ணப்பிப்பவரிடம் உறுதிமொழி கேட்கின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் காலங்களில் உரிமதாரர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்குமாறு பணிக்கப்படுவதை நாம் அறிவோம். உரிமம் என்பது அரசு நம்மிடம் தந்த அமானிதம் என்றே கொள்ள வேண்டும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பொதுமக்கள் உரிமம் பெற்று வாங்கும் பாயிண்ட் 32 ரக ரிவால்வர் ஒரு சாண் நீளம்கூட இராது. எனவே அதற்குச் சிறு இரும்புப் பெட்டியே போதும். ஆனால் சிறு பெட்டியைத் திருடன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். ஆகவே பின்புறத்திலும் அடியிலும் துளைகள் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கிச் சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்துப் பொருத்த வேண்டும். பீரோவுக்குள் சும்மா வைத்த பெட்டி பாதிப் பாதுகாப்பே.

தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள்; நெளிந்தால் வேண்டாம். கதவின் இடுக்கில் திருப்புளி நுழையக் கூடாது. கீல்கள் வெளியே தெரியாமல் உட்புறம் அமைந்திருப்பது நலம். பூட்டிய பெட்டியைக் கடையிலேயே தூக்கிக் குலுக்கியும், பக்கவாட்டில் தட்டியும் பாருங்கள். அதிர்ச்சியில் திறந்துகொள்ளும் மலிவான பெட்டிகளும் சந்தையில் உண்டு.

தொங்கு பூட்டுப் போடும் டிரங்குப் பெட்டியானால், பூட்டைவிடக் கொண்டியைக் கவனியுங்கள். திண்டுக்கல் பூட்டின் பெருமை நாடறிந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால், பூட்டைத் தொடாமலே பெட்டியைத் திறந்துவிடலாம்.

எண் பூட்டு வாங்குவோர், ஆலையிலிருந்து வந்த எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும். பிறந்த ஆண்டு வேண்டாம், வண்டி எண் வேண்டாம். 786ஐ அடிப்படையாகக் கொண்ட எண்ணும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் அழுத்திப் பார்ப்பது அதுவாகவே இருக்கும்!

விரல் ரேகைப் பூட்டுக்கும் எச்சரிக்கை தேவை. 2023இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சுமார் 61,000 விரல் ரேகைப் பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்தன. அதனால் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்ததாக வழக்கும் எழுந்தது. ஆகவே உங்கள் விரலைப் பதிந்தபின், வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவரும் தம் விரலை வைத்துப் பார்த்து, திறக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாவி எங்கே?

எண் பூட்டு, ரேகைப் பூட்டு எதுவாயினும் பெரும்பாலும் அவசரச் சாவி ஒன்று உடன் வரும். அதை அதே பீரோவில் மாட்டி வைத்தால் பூட்டு இருந்தும் பயனில்லை. ஒரு சாவி உரிமதாரரின் உடலோடு இருக்கட்டும். மற்றொன்று வங்கிப் பெட்டகத்திலோ வேறிடத்திலோ இருக்கட்டும். வீட்டுச் சாவிக்கொத்தில் அது சேரவே கூடாது. ஏனெனில் சாவிக்கொத்து கை மாறும்.

துப்பாக்கியைத் தோட்டா இன்றியே வைக்க வேண்டும். தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. ரிவால்வராயின் உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் காண வேண்டும். பிஸ்டலாயின் மேகசினை எடுத்த பின்னும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை மறக்கலாகாது. இறக்கி வைத்தல், பூட்டுதல், தோட்டாவைப் பூட்டுதல், இரண்டையும் பிரித்து வைத்தல் ஆகிய நான்கு பழக்கங்களும் இளம் பிள்ளைகளின் விபத்தையும் தற்கொலையையும் குறைப்பதோடு தொடர்புடையவை என 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

உரிமப் புத்தகத்தின் நகலைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஆயுதம் களவு போனால் அதன் எண்ணைச் சொல்லி உடனே காவல் நிலையத்தில் முறையிட அது வேண்டும்.

பராமரிப்பு

நம் ஊர்க் காற்றில் பஞ்சுத் துகள் உண்டு. சாவித்துளையில் எண்ணெய் விட்டால் துகள் ஒட்டிப் பிசினாகிப் பூட்டு இறுகும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சிறிது இட்டால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டிக்குள் ஈரம் தங்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோலில் தங்கும் ஈரமும் உப்பும் இரும்பைத் துருவேற்றும். எண் பூட்டின் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ரமலான் பிறையை நினைவுக் குறியாக வைத்துக்கொண்டால் மறவாது. போல்ட் தளர்ந்துள்ளதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.

இரு வேண்டுகோள்கள்

வீட்டில் எவரேனும் மனம் உடைந்து, கடன் சுமையாலோ குடும்பப் பிணக்காலோ வாடினால், பூட்டை மட்டும் நம்பாதீர்கள். அந்நாட்களில் ஆயுதத்தை உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைத்து வையுங்கள். துயரம் தணியும்வரை அது வீட்டில் இராதிருப்பதே நலம்.

கணவரோ தந்தையோ மறைந்த வீட்டில் அவருடைய துப்பாக்கி பீரோவில் கிடக்குமாயின், அதை நினைவுப் பொருளாக வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். இத்தாவில் இருக்கும் சகோதரிக்காக உறவினர் ஒருவர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, இப்பணியை முன்னின்று முடித்துத் தருவது கடமை.

அச்சிறுவனின் தந்தை மறு வாரமே பெட்டி வாங்கிச் சுவரில் பதித்தார். சில மாதங்கள் கழித்து மதரஸாவில் அவனைத் தனியே அழைத்து, "அத்தாவின் பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது?" என்று கேட்டோம். அவன் வெகுநேரம் யோசித்தான். "தெரியலைங்க ஹஜ்ரத். எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்துட்டேனுங்க" என்றான்.

தேடித்தான் பார்த்திருக்கிறான்! அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். இன்றிரவு படுக்குமுன் உங்கள் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.