கையில் கடிகாரம் உண்டு, ஸ்பேனர் இல்லை

திருப்பூரில் ஏதாவது ஒரு ஏற்றுமதி கம்பெனியின் தையல் ஹாலுக்குள் நுழைந்து பாருங்கள். பவர் டேபிள்களின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் மட்டும் தைக்காமல் நின்றுகொண்டிருப்பார். ஒரு கையில் அட்டை, மறு கையில் ஸ்டாப்வாட்ச். தோள் ஜாயின்ட்டுக்கு எத்தனை விநாடி, கழுத்துக்கு ரிப் ஏற்ற எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டிருப்பார். டெய்லர்களுக்கு அவரைக் கண்டால் அவ்வளவாக ஆகாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எழுதிவிடுவாரோ என்கிற பயம்தான். அவர் ‘ஐ.இ.’, அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயர். ஜவுளித் தொழில்நுட்பம் படித்த பெண்கள் இப்போது இந்த வேலைக்கு நிறைய வருகிறார்கள். ஒரு டி-சர்ட் தைக்க எத்தனை நிமிடம் என்று அவர் போடும் ‘சாம்’ கணக்கை வைத்துத்தான் பையரிடம் விலை பேசுகிறார்கள்.

இந்தக் கடிகார வேலைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவரும் பெண்தான். அமெரிக்காவின் லில்லியன் கில்பிரத், கணவர் ஃபிராங்க்கோடு சேர்ந்து தொழிலாளியின் ஒவ்வொரு கையசைவையும் படம்பிடித்து ஆராய்ந்தவர். 1914-ல் அவர் எழுதிய புத்தகத்தில் பெயரை ‘எல்.எம். கில்பிரத்’ என்று மட்டுமே போட்டார்கள். எழுதியது பெண் என்று தெரிந்தால் விற்காதாம். 1924-ல் ஃபிராங்க் திடீரென்று இறந்தார். வீடு நிறையக் குழந்தைகள். ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்பதா என்று சில கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் தன் வீட்டிலேயே வகுப்பு தொடங்கி, கம்பெனி மேலாளர்களை வரவழைத்துப் பாடம் எடுத்தார். தொடர்புகள் அறுந்தபோது தானே புதிதாக உண்டாக்கிக்கொண்டார்.

திருப்பூர்ப் பெண் இன்ஜினீயர்களுக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான் வருகிறது. இந்த ஊரில் நூல் ஓரிடத்தில் நிட்டிங் ஆகும், இன்னோரிடத்தில் டையிங், வேறொரு இடத்தில் காம்பாக்டிங், பிரிண்டிங் மற்றோரிடத்தில். எல்லாம் ஜாப் ஒர்க். ‘அண்ணா, இன்னைக்கு ராத்திரி எங்க லாட்டை ஏத்திருங்க’ என்று சொன்னால் ஏற்ற ஆள் வேண்டும். தெரிந்தவர்தான் இங்கே முதல். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தோட்டத்தில் பாடுபட்டவர்கள் பனியன் முதலாளிகளான கதை அது. அதற்கு அவர் வைத்த தலைப்பு ‘ஃப்ரெடர்னல் கேபிடல்’. சகோதர மூலதனம் என்று சொல்லலாம். அண்ணன், தம்பி, பங்காளி, மச்சான், கூட்டாளி. தலைப்பிலேயே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடுகிறது.

பெண்களுக்குத் தொடர்பே இல்லை என்று சொன்னால் மெர்ச்சண்டைசர்கள் சண்டைக்கு வருவார்கள். நாள் முழுக்க அவர்கள் பேசாத டையிங் மேனேஜர் இல்லை. ஆனால் அந்த எண்களெல்லாம் கம்பெனி சிம்மில் இருக்கின்றன. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போதோ, குழந்தைக்காக ஓரிரண்டு வருடம் நின்றுவிடும்போதோ சிம் கம்பெனியிலேயே தங்கிவிடுகிறது. ஆணின் தொடர்பு குடும்பத்தோடு வந்தது, வேலை மாறினாலும் கூடவே போகும். திரும்பி வரும் பெண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று, இயந்திரம். நிட்டிங் மெஷின் ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றுகிறது. துணியில் நீடில் லைன் விழுந்தால், லூப் நீளம் மாறித் துணியின் எடை (ஜி.எஸ்.எம்.) குறைந்தால், அந்த நேரத்தில் மெஷினைத் திறந்து பார்ப்பவர்தான் தொழிலைக் கற்றுக்கொள்கிறார். அப்படித் திறந்த மெஷினைச் சுற்றி நிற்கும் பெண்ணிடம், ‘நீ தள்ளு அம்மிணி, மெக்கானிக் பாத்துக்குவாரு’ என்பார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதே அக்கறை சட்டத்திலும் இருந்தது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் பாகத்தால் அடிபடக்கூடிய இயந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் போடவோ, சரிசெய்யவோ பெண்களை விடக் கூடாது என்றது. பெண்களையும் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளையும் ஒரே வரியில் வைத்திருந்தது. 66ஆம் பிரிவு காலை 6 முதல் மாலை 7 வரைதான் வேலை என்றது. அந்த இரவுத் தடை செல்லாது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பாதுகாப்பு நிபந்தனைகளோடு, தீர்ப்பளித்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமோ எல்லா வேலையிலும் பெண்களை அமர்த்தலாம், சம்மதித்தால் இரவிலும் என்கிறது. சட்டம் நகர்ந்துவிட்டது. ஷெட் இன்னும் நகரவில்லை என்பதுதான் நான் பார்த்தது. ஐ.இ., குவாலிட்டி, லேப், மெர்ச்சண்டைசிங் இவற்றில் பெண்கள் இருக்கிறார்கள். மெயின்டனன்ஸில் தேட வேண்டியிருக்கிறது.

நம்மூரிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1919-ல் சென்னையில் பிறந்த அ. லலிதா பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முயற்சியால் 1940-ல் லலிதாவுக்கு அங்கே இடம் கிடைத்தது. மகள் தனியாக இருக்கிறாளே என்று, மற்ற பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யவைத்தார். லீலம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சிவிலில் வந்து சேர்ந்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவின் பட்டச் சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சாகியிருந்ததை அடித்து ‘அவள்’ என்று கையால் எழுத வேண்டியிருந்தது.

லலிதா முதலில் வேலைக்குப் போனது சிம்லாவுக்கு. அங்கே சகோதரர் வீடு இருந்தது. 1948-ல் கல்கத்தா ஏ.இ.ஐ. கம்பெனிக்குப் போனபோதும் அந்த ஊரில் ஒரு சகோதரர் இருந்தார். அதுவரை எல்லாம் அப்பா, அண்ணன் தம்பி கொடுத்த வழி. திருப்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மின்கடத்திப் பாதைகளை, துணைமின் நிலையங்களை வடிவமைத்தது அவர் மூளை. 1964-ல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு நடந்தது. அமெரிக்கப் பெண் பொறியாளர் சங்கம் கூட்டிய அந்த மாநாட்டுக்கு லலிதா போனார். அந்தச் சங்கத்தின் முதல் கௌரவ உறுப்பினர், நம் கடிகாரக்காரி லில்லியன் கில்பிரத்! அடுத்த வருடம் லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் லலிதா உறுப்பினரானார். அந்தச் சங்கம் தொடங்கியது 1919-ல், லலிதா பிறந்த அதே வருடம். முதல் உலகப் போர் முடிந்ததும் தொழிற்சாலைகளிலிருந்து பெண்களை வெளியே அனுப்பத் தொடங்கியபோது ஏழு பெண்கள் கூடி ஆரம்பித்தது. நாற்பத்தைந்து வயதில் லலிதாவுக்குக் கிடைத்த அந்தத் தொடர்பு கம்பெனியுடையதும் இல்லை, சகோதரருடையதும் இல்லை.

திருப்பூர் முதலாளிகளுக்கு இயந்திரக் கண்காட்சி என்றால் உயிர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐ.டி.எம்.ஏ. கண்காட்சி 2023-ல் இத்தாலியின் மிலனில் நடந்தது. அடுத்தது 2027 செப்டம்பரில், ஜெர்மனியின் ஹானோவரில். புது நிட்டிங் மெஷின் பார்க்கப் போகிறவர்கள் மகனையும் மச்சானையும் கூட்டிப்போகிறார்கள், சரி. டிக்கெட் போடும்போது உங்கள் ஐ.இ. பெண்ணுக்கும் ஒன்று சேர்த்துப் போடுங்கள். விசிட்டிங் கார்டில் அவர் சொந்த எண்ணை அச்சடித்துக் கொடுங்கள்.