திரும்பத் திரும்ப நோயுறும் சேவல்

பாலக்காட்டுக் கணவாயை அடுத்த கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் மூணாறு, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலை ஆகிய இடங்களிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. தோட்ட லயத்தின் பின்புறத்திலோ வயற்காட்டு வீட்டு முற்றத்திலோ நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தால், அவை அக்குடும்பத்தின் சிறு சேமிப்பு எனலாம். குழந்தைகளுக்கு முட்டை, விருந்தினருக்குக் கறி, குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் யாவும் அந்தச் சேமிப்பிலிருந்தே வருகின்றன.

அச்சேவல் ஒரு நாள் தும்முகிறது. கண்ணில் நீர் வடிகிறது. இரை எடுக்காமல் ஒடுங்கி நிற்கிறது. ஏதோ மருந்து கொடுக்கிறோம். ஒரு வாரத்தில் தேறி மறுபடியும் கூவுகிறது. அடுத்த மழை தொடங்கியதும் அதே தும்மல், அதே சோர்வு. இவ்வாறு விட்டுவிட்டு வரும் நோயின் காரணம் யாது? செய்யத்தக்கது யாது? இவ்விரண்டையும் இங்கே காண்போம்.

கோழிக்கு நோய் என்றதும் பலரும் வெள்ளைக்கழிச்சலையே நினைக்கின்றனர். குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் 1927-ஆம் ஆண்டு இந்நோய் கண்டறியப்பட்டதால் ராணிக்கெட் நோய் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் தடுப்பூசி போடாத கோழிகளிடையே அது புகுந்தால் சில நாட்களுக்குள் பெரும்பாலானவற்றை மாய்த்துவிடும். பிழைத்தவற்றுள் சில கழுத்து முறுக்கியும் கால் இழுத்தும் நிற்கும். மாதந்தோறும் வந்து வந்து போவது அதன் இயல்பன்று.

விட்டுவிட்டு வரும் சளி பெரும்பாலும் வேறு இரண்டு நோய்களால் உண்டாவது. முதலாவது, மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் நாட்பட்ட சுவாச நோய். தும்மலும், இரவில் கேட்கும் கறகறவென்ற மூச்சும், நாளடைவில் உடல் மெலிதலும் அதன் அடையாளங்கள். இரண்டாவது, கொரைசா எனப்படும் தொற்றுச்சளி. இதில் முகமும் தாடியும் வீங்கும். மூக்குநீர் துர்நாற்றம் வீசும். இவ்விரு நோய்களிலும் வெளிக்குறிகள் மறைந்த பின்னரும் கிருமி பறவையின் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். தேறிவிட்டதாக நாம் எண்ணும் சேவல் உண்மையில் நோயைச் சுமந்து திரியும் சேவலாகும். நாட்பட்ட சுவாச நோயோ பெட்டையின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லக்கூடியது.

உள்ளே தங்கிய கிருமி, சேவலின் வலிமை குறையும் வேளையில் தலைதூக்குகிறது. பாலக்காட்டுப் பகுதியில் கோடை வெப்பமே அவ்வேளை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை; வாயைத் திறந்து இரைத்தே அது உடலைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூணாற்றிலோ மழையும் மூடுபனியும் பகையாகின்றன. குளிருக்கு அஞ்சிக் கூண்டைச் சாக்கினால் இறுக மூடிவிடுகிறோம். உள்ளே ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி மூச்சுக்குழலைப் புண்ணாக்குகிறது. கூண்டினுள் குனிந்தால் நம் கண் எரியுமாயின், இரவெல்லாம் அங்கே அடைபட்ட சேவலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மழைச்சாரல் படும் பக்கத்தை மறைத்து, மேற்பகுதியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுக. தரையில் உலர்ந்த உமியோ மரத்தூளோ பரப்பி, நனைந்ததை உடனே அகற்றுக. குடற்புழுக்களும் உடல் வலிமையைக் குறைப்பவை. மருத்துவர் கூறும் இடைவெளியில் அவற்றுக்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

இனி மருந்து பற்றி ஒரு சொல். வீட்டில் எஞ்சிய மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பயனற்றது, கேடும் தருவது. பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் புறச்சுவரைத் தாக்கியே அதனைக் கொல்கின்றன. மைக்கோபிளாஸ்மாவுக்கோ புறச்சுவரே கிடையாது. ஆதலின் அம்மருந்து அதனிடம் பலிக்காது. உரிய மருந்தை மருத்துவரே தேர்ந்து தர வேண்டும். இரண்டு நாளில் தும்மல் நின்றதென்று பாதியில் நிறுத்தலாகாது. மருந்து கொடுத்த பின் அவர் குறிப்பிடும் நாட்கள் கழியும்வரை முட்டையும் இறைச்சியும் உண்ணலாகாது. மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆயினும் அவை உள்ளுறைந்த கிருமியை ஒழிக்குமென்று நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோய் கண்ட அன்றே சேவலைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தனிக் கலத்தில் நீர் வைக்க வேண்டும். நலமுள்ள கோழிகளுக்கு முதலில் இரையிட்டு, நோயுற்றதை இறுதியில் கவனித்து, கைகால்களைக் கழுவிக்கொள்க.

தக்க சிகிச்சைக்குப் பின்னும் நோய் மீண்டும் மீண்டும் வருமாயின், அச்சேவலை இனவிருத்திக்கு வைத்திருத்தல் தகாது. அதனைச் சந்தையில் தள்ளிவிடுவதும், அண்டை வீட்டுக்குக் கொடுப்பதும் அதனினும் தகாதவை. லயத்தில் முற்றம் பொது. ஒரு வீட்டுக் கோழி நான்கு வீட்டு வாசலில் மேய்வது. ஒருவர் கைகழுவிய நோய் வரிசை முழுவதையும் சுற்றி அவர் வாசலுக்கே திரும்பும்.

ஊருக்குச் சென்று திரும்புவோர் பொள்ளாச்சி, கம்பம், போடி ஆகிய பக்கங்களிலிருந்து நல்ல இனச் சேவலொன்றைக் கூடையில் கொண்டுவருவதுண்டு. பார்வைக்கு நலமாயிருப்பினும், அதனை மூன்று வாரமேனும் தனியே வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றுடன் விடுதல் வேண்டும். பழைய கோழிகள் நோயில் நீங்கிய கூண்டையும் அவ்வாறே கழுவிச் சுண்ணாம்பு பூசி, சில வாரம் வெறுமனே காயவிட வேண்டும்.

சளி நோயால் தளர்ந்த கோழியை வெள்ளைக்கழிச்சலும் தாக்கினால் மீட்சி அரிது. அதற்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலடியில் ஊசியும் போடுவது வழக்கம். நலமுள்ள கோழிக்கே அதனைப் போட வேண்டும். மருந்து குளிர் கெடாமலிருந்தால்தான் பயன்படும். ஆதலின் பனிக்கட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். ஒரு புட்டி பல கோழிகளுக்குப் போதுமாகையால், லயத்தார் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்வது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

கேரள அரசின் கால்நடை மருத்துவமனையை அங்கே மிருகாசுபத்திரி என்பர். வெள்ளைக்கழிச்சலைக் கோழிவசந்த என்பர். மொழி தடையாகுமோ என்று தயங்குவோர் இவ்விரு சொற்களை நினைவிற் கொண்டால் போதும். ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென மடிந்தால் அவற்றைக் கையால் தொடாமலும், கறிக்கு அறுக்காமலும் அன்றே அங்கே தெரிவிக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஆலப்புழைப் பகுதியில் வாத்துகளிடையே தோன்றிய பறவைக் காய்ச்சல் பின்னரும் கேரளத்தில் தலைகாட்டியிருப்பதால், இதில் காலந்தாழ்த்துதல் கூடாது.