கடல் மயக்கம்

மார்கழி மாதத்துக் காலைப்பொழுது. குறிகட்டுவான் இறங்குதுறையில் வாடைக் காற்று வீசிக்கொண்டிருக்கின்றது. நெடுந்தீவுக்குச் செல்லும் படகை எதிர்பார்த்து நிற்போருள் இரு வகையினரை எளிதிற் பிரித்தறியலாம். தீவிலே பிறந்து வளர்ந்தோர் நெல் விலையையும் கலியாணச் செய்தியையும் பேசிக்கொண்டு நிற்பர். இடமாற்றம் பெற்று முதன்முறையாகத் தீவுக்குச் செல்லும் ஆசிரியையோ, கையிலே தேசிக்காய் ஒன்றை இறுகப் பற்றியவாறு, கடலைப் பாராமல் நிலத்தையே பார்த்து நிற்பார். வாந்தி வந்துவிடுமோ என்ற அச்சத்தினால் அவர் காலையில் எதுவும் உண்ணவில்லை. படகு வந்ததும், காற்றும் அலையும் கண்ணிற்படாத உட்தளத்து மூலையொன்றில் அமர்ந்து, மனத்தை வேறு வழியிற் செலுத்தப் பத்திரிகை ஒன்றை விரிக்கின்றார். அரைமணி நேரத்துள் கொட்டாவி வருகின்றது, வாயில் உமிழ்நீர் ஊறுகின்றது, நெற்றி குளிர்ந்து வியர்க்கின்றது, முகம் வெளிறுகின்றது. பின்பு நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த ஆசிரியை செய்துகொண்ட ஆயத்தங்களுள் பெரும்பாலானவை அவருக்கு எதிராகவே வேலை செய்தன. வெறும் வயிறு, மூடிய இடம், குனிந்து வாசித்தல் ஆகிய மூன்றும் கடல் மயக்கத்தை அழைத்துவரும் தூதர்கள். இது வயிற்றின் நோய் என்று அவர் எண்ணியதே தவறுகளுக்கெல்லாம் மூலம். வயிறு இங்கே குற்றவாளியன்று; தண்டனை பெறுவது மட்டுமே அதன் பங்கு.

இது கோழைகளுக்கு வரும் நோய் என்ற எண்ணமும் பொருந்தாது. 1771-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கடற்படையிற் சேர்ந்து, 1805-இல் திரபல்கார் போரில் உயிர்நீத்த ஆங்கிலத் தளபதி நெல்சன், காற்றுப் பலமாக வீசும்போதெல்லாம் தாம் நோயுறுவதாக இறுதிக் காலத்திலும் கடிதம் எழுதியவர். உயிரினங்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்ல்ஸ் டார்வின், 1831 முதல் 1836 வரை பீகிள் என்னும் கப்பலிற் பயணஞ்செய்தபோது, தொங்கு படுக்கையிற் கிடந்து உலர்ந்த திராட்சையைத் தின்று நாள் கழித்ததுண்டு. அவ்வைந்து ஆண்டுகளில் மூன்றுக்கும் அதிகமான ஆண்டுகளை அவர் தரையிலேயே செலவிட்டார். ஆராய்ச்சி ஆர்வம் ஒருபுறமிருக்க, கடலின் மீதிருந்த வெறுப்பும் அதற்குச் சிறிது உதவியிருக்கக்கூடும்.

அவ்வாறாயின் நோயின் இருப்பிடம் எது? அது காது. ஒலியைக் கேட்கும் பகுதியன்று; அதற்கு அருகே, உட்செவியில், உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணிய கருவி ஒன்று உண்டு. அதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. தலை திரும்பும்போது அத்திரவம் பின்தங்குவதனால் திரும்பலை உணர்கின்றோம். இதனை நேயர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு குவளை நீரிற் சிறிது தேயிலைத்தூளைத் தூவிக் குவளையைச் சுழற்றி நிறுத்தினால், குவளை நின்ற பின்னரும் நீர் சுழன்றுகொண்டிருக்கும். சுற்றி விளையாடிய பிள்ளை நின்ற பின்னரும் உலகம் சுழல்வதாகக் கூறுவது இக்காரணத்தினாலேயே. இக்கால்வாய்களுக்கு அருகே, மேலுங்கீழுமான அசைவையும் தலையின் சாய்வையும் அறிவிப்பதற்காகச் சிறு சுண்ணாம்புத் துகள்கள் அமைந்த இரு பைகளும் உண்டு.

படகின் உட்தளத்தில் இருப்பவரின் காது, “ஏறுகின்றோம், இறங்குகின்றோம், சரிகின்றோம்” என்று ஓயாது மூளைக்கு அறிவிக்கின்றது. கண்ணோ எதிரேயுள்ள பலகையையும் மடியிலுள்ள பத்திரிகையையும் பார்த்து, “எதுவும் அசையவில்லை” என்று சாட்சி சொல்கின்றது. இரு சாட்சிகளின் முரண்பாட்டைத் தீர்க்கவியலாத மூளை தடுமாறுகின்றது. அத்தடுமாற்றம் ஏன் வாந்தியில் முடிய வேண்டும் என்பதற்கு, 1977-ஆம் ஆண்டில் திரெய்ஸ்மன் என்னும் அறிஞர் ஒரு விளக்கம் கூறினார். நஞ்சுண்டவனுக்கும் புலன்கள் இவ்வாறு முரண்படுமாதலால், நஞ்சு உட்சென்றதென மூளை தவறாகக் கருதி வயிற்றை வெறுமையாக்குகின்றது என்பது அவர் கருத்து. இது ஊகமேயெனினும் பொருத்தமான ஊகம்.

காதே காரணம் என்பதற்குச் சான்று நெடுங்காலமாகவே உண்டு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாத 519 பேரைச் சுழற்றிப் பார்த்ததில் 186 பேருக்குத் தலைச்சுற்று அறவே உண்டாகவில்லை என்று கண்டார். உட்செவிக் கருவி பழுதுற்றோரைக் கடல் மயக்கமும் தீண்டுவதில்லை. 1960-களில் அத்தகையோரை வட அத்திலாந்திக் கடலின் புயலுக்குள்ளே அழைத்துச் சென்றபோது, உடன்சென்ற நலமுடையோர் துன்புற, இவர்கள் சுகமாயிருந்தனர்.

இவ்வுண்மையை அறியாது பெரும்பொருள் இழந்த ஒருவரின் கதை சுவையானது. உருக்குச் செய்யும் முறையினாற் புகழும் செல்வமும் பெற்ற ஹென்றி பெசமர், 1868-இல் பிரான்சின் கலே துறையிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்புகையிற் கடல் மயக்கத்தினாற் கடுமையாகத் துன்புற்றார். பொறியியலாளரல்லவா? கப்பல் ஆடினாலும் ஆடாத அறையொன்றை அமைத்தால் நோய் ஒழியுமெனத் துணிந்தார். கப்பலின் நடுவே அச்சொன்றிற் பொருத்தப்பட்ட பெரிய மண்டபம், செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள், தோலாசனங்கள். கப்பல் சரியும்போது மண்டபத்தை எதிர்ப்புறமாகச் சாய்ப்பதற்கு நீரழுத்த யந்திரம். அதனை இயக்கும் மனிதன் மட்டக்குழாய் ஒன்றைப் பார்த்தபடி, கப்பலின் ஒவ்வொரு சரிவுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அலையோடு போட்டியிட எம்மனிதனால் இயலும்? 1875-ஆம் ஆண்டு மே மாதத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றபோது அம்மண்டபத்தை அசையாது பூட்டியே வைத்திருந்தனர். கப்பலோ சுக்கானுக்கு அடங்காது கலேயின் இறங்குதுறையில் மோதியது. கப்பல் பின்பு உடைத்து விற்கப்பட்டது; மண்டபம் மட்டும் தரையிற் கொண்டுசென்று வைக்கப்பட்டு, தோட்டக்கலைக் கல்லூரி ஒன்றின் விரிவுரைக்கூடமாயிற்று. அங்கே அது உண்மையாகவே ஆடாதிருந்தது.

பெசமரின் யந்திரம் பிழையின்றி வேலைசெய்திருந்தாலும் முழுப்பயன் விளைந்திராது. கப்பல் பக்கவாட்டிற் சரிவதை மட்டுமே அவர் கருதினார். மயக்கத்தைப் பெரிதும் தூண்டுவதோ மேலுங்கீழுமான எழுச்சி; அதிலும், ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அசைவே மிகக் கொடியது என 1970-களில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின. மேலும், அடைத்த மண்டபத்தில் இருப்போருக்கு அடிவானம் எங்கே தெரியும்?

அடிவானமே முதல் மருந்து. கடலும் வானும் கூடும் அக்கோட்டை நோக்கியிருப்பவரின் கண்ணும், “ஆம், அசைகின்றோம்” என்று காதோடு ஒத்துச் சாட்சி சொல்லும். சுக்கான் பிடிக்கும் தண்டையலுக்கு மயக்கம் அரிதாக வருவதற்கு, பழக்கத்தோடு இதுவும் காரணம். அவர் முன்னே பார்க்கின்றார். வரும் அலையை முன்னறிந்து உடலை அதற்கு இசைவிக்கின்றார். பயணியும் இயன்றவரை வெளிக்காற்றுப் படுமிடத்தில், முன்னோக்கி அமர்தல் நன்று. அணியமும் பின்பகுதியும் ஊஞ்சல்போல் ஏறியிறங்குமாதலால் படகின் நடுப்பகுதியே உகந்தது. டீசல் புகை வரும் பக்கத்தை விலக்க வேண்டும். வெளியே இடமில்லையெனில், தலையைச் சாய்த்து அசையாது வைத்துக் கண்களை மூடிக்கொள்ளலாம். படுக்க முடிந்தால் மேலும் நன்று. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது பத்திரிகை வாசிப்பதை ஒத்த தவறே.

உணவைப் பற்றி நீளக்கூற வேண்டியதில்லை. புறப்படுவதற்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இடியப்பமோ ஒரு துண்டுப் பாணோ போதும். எண்ணெய்ப் பலகாரமும் மதுவும் ஆகா. தேசிக்காயை முகர்வதனால் நோய் தடைப்படுமென்று நிறுவப்படவில்லை; எனினும் தீமையில்லை, டீசல் நாற்றத்தையாவது மறைக்கும். இஞ்சிக்கு மதிப்புச் சற்று அதிகம். 1980-களில் தென்மார்க்கின் கடற்படைப் பயிலுநரிடையே நிகழ்ந்த சோதனையில், இஞ்சித்தூள் உண்டோருக்கு வாந்தி குறைந்தது. எல்லாச் சோதனைகளும் அவ்வாறு கூறவில்லை. வேர்க்கொம்புத் தேநீர் பருகிச் செல்வோரைத் தடுக்க வேண்டியதில்லை.

குளிசைகளின் வரலாற்றிலும் ஒரு தற்செயல் உண்டு. அமெரிக்காவிலே, தோற்றடிப்புக்காகப் புதிய மருந்தொன்று கொடுக்கப்பட்ட பெண்மணி, திராம் வண்டியில் ஏறினால் வழக்கமாக வரும் குமட்டல் தமக்கு வரவில்லையென வைத்தியரிடம் கூறினார். வைத்தியர்கள் அதனைப் பொருட்படுத்தி, 1948 நவம்பரில் நியூயோர்க்கிலிருந்து ஜேர்மனிக்குச் சென்ற துருப்புக் கப்பலில் அம்மருந்தைச் சோதித்து வெற்றிகண்டனர். அதுவே டிரமமின். இத்தகைய குளிசைகளை விழுங்கும் நேரமே முக்கியமானது. படகேறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின்னர் விழுங்கினால் குளிசையும் வெளியே வந்துவிடும். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபரில் ஆரம்பித்து, இடைநின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பற் சேவையின் பயணம் ஏறக்குறைய 4 மணி நேரத்தது. அத்தகைய நீண்ட பயணத்துக்கு இந்த முன்யோசனை இன்னும் அவசியம். குளிசை உறக்கம் தருமாதலால், கரையிறங்கியதும் வாகனம் ஓட்டலாகாது. கர்ப்பிணிகளும், சிறுவரின் பெற்றோரும், கண்ணழுத்த நோயும் சிறுநீர்த்தடையும் உள்ள முதியோரும் வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. ஹயோசின் என்னும் மற்றொரு மருந்து ஊமத்தையிலும் உளது. அதைக் கேட்டு எவரேனும் ஊமத்தங்காயைத் தேடுவாராயின் அவர் தேடுவது நஞ்சையே.

கரையேறியதும் தீர்ந்துவிடும் நோய்தானே என்று இதனை எள்ளுவோர் உளர். வாந்தி வந்தவர் கைப்பிடியின் மேலாக உடலை வெளியே நீட்டும் அந்த ஒரு கணத்தை அவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை. உயிர்காப்பு அங்கியைக் காற்றுக்காகக் கழற்றி வைத்தவர்களும் அவ்வாறே நீட்டுகின்றனர். அங்கியை அணிந்தபடி, ஒரு பையை மடியில் வைத்து அமர்ந்தே வாந்தியெடுப்பதில் வெட்கமில்லை. கப்பல் மூழ்கும் வேளையில் ஏறும் உயிர்காப்புப் படகுகளில் 48 மணி நேரத்துக்குப் போதிய கடல் மயக்க மருந்தும், ஆளுக்கொரு வாந்திப்பையும் இருத்தல் வேண்டுமெனச் சர்வதேச விதி உண்டு. குடிநீர் அளந்து கொடுக்கப்படும் இடத்தில், வாந்தியினால் இழக்கும் நீர் உயிரையே இழப்பிக்கும். தீவிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு வரும் நீரிழிவு நோயாளர், மருந்தை எடுத்துக்கொண்டு உணவை வாந்தியெடுப்பராயின் அவர் நிலையும் இலேசானதன்று. அவர் பயணத்துக்கு முன்னரே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

பழக்கம் இந்நோயைத் தணிக்கும். நாட்கணக்கிற் கடலில் இருப்போருக்கு இரண்டு மூன்று நாட்களில் உடல் இணங்கிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கடல் கடக்கும் ஆசிரியைக்கு அது மெல்லவே வரும். இறங்கிய பின்னும் சற்று நேரம் நிலம் அசைவதுபோலத் தோன்றினால் அவர் அஞ்ச வேண்டியதில்லை; கடலுக்கு இணங்கிய மூளை தரைக்குத் திரும்புகின்றது. இறங்குதுறையில் நின்று, இளநீர் ஒன்றைச் சிறிது சிறிதாகப் பருகி, அன்றைய முதற் பாடத்தை அவர் நாற்காலியில் அமர்ந்தபடியே நடத்தலாம்.