கை எலும்பு கூடுமா? ஆறாம் வார எக்ஸ்ரே சொல்லும்

மே முதல் அக்டோபர் வரை யாங்கோனில் மழைக்காலம். வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்வோர் நம்மவர்களிலும் உண்டு. தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலுள்ள மேற்கை எலும்பு நடுவில் முறிந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சையின்றிக் கட்டுப் போட்டே கூடிவிடும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திருந்தும் கூடுவதில்லை. அவர்களை முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவர்கள் 2019ஆம் ஆண்டு எளிய மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டனர். முறிவு ஏற்பட்ட ஆறாம் வாரத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அவற்றில் எலும்பின் நான்கு ஓரங்களையும் பார்க்கலாம். புது எலும்பு வளராத ஓரத்துக்கு 1, வளர்ந்தும் இணையாததற்கு 2, பாலம்போல் இணைந்ததற்கு 3. கூட்டினால் 4 முதல் 12 வரை வரும். 8க்குக் கீழே இருந்தால் எலும்பு தானாகக் கூடாமல் போகும் வாய்ப்பு அதிகம். அறுவை சிகிச்சை பற்றி அப்போதே மருத்துவரிடம் பேசலாம்.

இது கணிப்புதான், தீர்ப்பு அல்ல. வலியையும் முறிந்த இடத்தில் அசைவு உள்ளதா என்பதையும் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

நாம் செய்ய வேண்டியவை: வலி குறைந்துவிட்டது என்று ஆறாம் வார எக்ஸ்ரேயைத் தவிர்க்கக் கூடாது. பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துச் செல்வோம். புகைபிடித்தால் எலும்பு கூடத் தாமதமாகும், சுருட்டை நிறுத்துவோம். முறிந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். மணிக்கட்டைத் தூக்க முடியாவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்; உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.