நண்டுகளுக்கு வழிவிடும் தீவு

வீட்டு வாயிலைத் திறந்தால் படியெங்கும் செந்நிற நண்டுகள். வெறுப்போமா, விரட்டுவோமா? இந்துமாக்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே உள்ள ஒரு சிறு தீவின் மக்கள் வழிவிடுகிறார்கள்.

1643ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அவ்வழியே சென்ற வில்லியம் மைனர்ஸ் என்ற கப்பல் தலைவர், அதற்குக் கிறிஸ்துமஸ் தீவு எனப் பெயரிட்டார். 1958 முதல் அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மக்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு, நண்டுகளோ கோடிக்கணக்கில்.

ஆண்டின் பெரும்பகுதி காட்டு வளைகளில் ஒடுங்கிக் கிடக்கும் இந்நண்டுகள், மழைக்காலம் தொடங்கியதும் இனம் பெருக்கக் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. தேய்பிறை நாள்களில், பொழுது புலருமுன், பெண் நண்டுகள் முட்டைகளை அலையில் விடுகின்றன.

அந்நாள்களில் சில சாலைகள் அடைக்கப்படுகின்றன. வண்டியில் செல்வோர் இறங்கி, சருகு வாரும் கோலால் நண்டுகளை மெல்ல ஒதுக்கிய பின்னரே நகர்கின்றனர். சாலைக்கு அடியில் சிறு சுரங்க வழிகளும், மேலே ஐந்து மீட்டர் உயரப் பாலமும் அவற்றுக்கென்றே அமைந்துள்ளன.

ஆயினும் மனிதன் அறியாமல் கொண்டுவந்து சேர்த்த ஒருவகை மஞ்சள் எறும்புகள், பல கோடி நண்டுகளைக் கொன்றுவிட்டன. செதிற்பூச்சிகள் சுரக்கும் இனிய நீரே அவ்வெறும்புகளுக்கு உணவு. எனவே அப்பூச்சிகளை ஒடுக்கும் சிறு குளவியினம் ஒன்றை 2016 டிசம்பரில் அங்கே விட்டனர்.

அன்பர்களே, அறியாமல் செய்த தீங்கையும் தமதெனக் கொண்டு பரிகாரம் தேடுகின்றனர் அம்மக்கள். நம் தெருவைக் கடக்கும் சிற்றுயிருக்காக நாம் ஒரு நிமிடம் நிற்கலாகாதா?