திருடு போனது யாருடையதோ... பூட்டப்பட்டது எல்லோருடையதும்!

காலையில் வண்டலூர் ரயில் நிலையம் அருகே ஸ்டாண்டில் பைக்கை விட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறீர்கள். மாலையில் திரும்பினால் ஸ்டாண்டுக்காரர் சொல்கிறார்: 'பாதி வண்டி திருடு போயிடுச்சு சார். உங்க வண்டி இருக்கு. ஆனா தர முடியாது. நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும்.' ஒப்புக்கொள்வீர்களா?

கிட்டத்தட்ட இதுதான் வாசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையில் நடந்தது.

2024 ஜூலை 18 அன்று அதன் டிஜிட்டல் பெட்டகம் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வாடிக்கையாளர்களின் சொத்தில் சுமார் 45 சதவிகிதம் அது. அவ்வளவும் ஒரே பெட்டகத்தில்!

பூட்டு பலமானதுதான். நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், பாதுகாப்புச் சேவை தந்த லிமினல் என நான்கு ஒப்புதல்கள் வேண்டும். நான்கும் கிடைத்தன. திரையில் தெரிந்தது ஒன்று, ஒப்புதல் பெற்றது வேறு என்றது வாசிர்எக்ஸ். தவறு தங்கள் பக்கம் இல்லை என்றது லிமினல். வட கொரிய ஹேக்கர்களே காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் அறிவித்தன.

திருடர்கள் செய்தது முதல் அடி. இரண்டாவது அடி, நிர்வாகத்தின் முடிவு. கணக்குகள் முடக்கப்பட்டன; நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்கள் மீதும் பரப்பத் திட்டமிட்டார்கள். விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றம் வரை போய், வர்த்தகம் மீண்டும் தொடங்க 2025 அக்டோபர் ஆனது.

சென்னையில் இருந்து முதலீடு செய்த ஒரு பெண் சும்மா இருக்கவில்லை. 1,98,516 ரூபாய்க்கு அவர் வாங்கியிருந்தது எக்ஸ்ஆர்பி நாணயங்கள். களவு போனதோ வேறு வகை நாணயங்கள். 'என்னுடையதை ஏன் பூட்டினீர்கள்?' என்பதே அவர் வழக்கு. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை நம்பி ஒப்படைத்து வைக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார்.

வங்கி திவாலானால் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அது கிடையாது. நாணயத்தைச் சந்தையிலேயே விட்டுவைத்தால், நம் கையில் இருப்பது டோக்கன் மட்டுமே. வண்டிச் சாவி அவர்களிடம். சொந்தப் பெட்டகத்துக்கு மாற்றினால் சாவி நம்மிடம். ஆனால் தொலைத்தால் திறந்துதர யாரும் இல்லை. பணம் போடும் முன் யோசிக்க வேண்டியது விலையை மட்டுமல்ல, சாவி யாரிடம் என்பதையும்தான்.