நம்பத் தகுந்த மென்பொருள் – 6: எந்த மூலநிரல்?

2004 டிசெம்பர் 26 காலை, சுனாமியால் கடல் திருகோணமலை மாவட்டத்தின் மூதூருக்குள்ளும் கிண்ணியாவுக்குள்ளும் ஏறியது. கிண்ணியாவில் வைத்தியசாலைகூடத் தப்பவில்லை. யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரை இன்னும் காணவில்லை, நிவாரணப் பொருட்கள் எங்கே தேங்கிக் கிடக்கின்றன என்ற கேள்விகளுக்கு விடை சேர்ப்பதற்காக, இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதியதுதான் ‘சஹானா’. லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்து வளர்த்தது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயன் தரும் திட்டங்களுக்கான 2006ஆம் ஆண்டு விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. இலங்கையில் பிறந்த மென்பொருட்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இத்தகைய மென்பொருளை நம்புவதற்கு, ஒரே மூலநிரலை யார், எங்கே, எப்போது பில்ட் செய்தாலும் (ஓடும் மென்பொருளாக்கினாலும்) பிட்டுக்குப் பிட்டு அதே விளைவு வரவேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி நிற்கிறது. அந்த ‘ஒரே மூலநிரல்’ எது?

நிலாவெளியை அடுத்த கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர், 2005இன் தொடக்கத்தில் ஓடிய சஹானாவை அப்படியே திரும்ப நிறுவிப் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பிஎச்பியில் எழுதப்பட்டது. கம்பைல் செய்யும் வேலை இல்லை. எந்தக் கோப்புகள், ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு என்பது தெரிந்தால் போதும். அதுதான் தெரியாது. அன்றைய நிரல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், பதிப்புகளைப் பராமரிக்கும் சிவிஎஸ் என்ற பழைய முறையில் இருந்தது. சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே எண் போடும். ஒரு கோப்பு 1.4, அடுத்தது 1.17. மொத்தத் தொகுப்புக்கும் சேர்த்து, அது தானாகத் தரும் பெயர் எதுவும் இல்லை. யாராவது டேக் (பெயர்ச்சீட்டு) ஒட்டியிருக்க வேண்டும். அந்த டேக்கைப் பிறகு வேறு பதிப்புக்கு நகர்த்தவும் முடியும். இல்லையென்றால் தேதி சொல்லிக் கேட்கலாம். ஒருவர் ஐந்து கோப்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த நடுக்கணத்தில் அந்தத் தேதியும் நேரமும் விழுந்தால், யாருடைய கணினியிலும் ஒருபோதும் ஓடியிராத ஒரு கலவைதான் கையில் வரும்.

சுனாமி நடந்து நாலு மாதம் ஆகுமுன்பே, 2005 ஏப்ரலில், லினஸ் டோர்வால்ட்ஸ் பதிப்புகளைப் பராமரிக்கும் ‘கிட்’ என்ற புதிய முறையை எழுதினார். அதில் கமிட்டின் (பதிந்து வைக்கும் ஒவ்வொரு பதிப்பின்) பெயர் உள்ளடக்கத்தில் இருந்தே பிறக்கிறது. கோப்புகள், அடைவுகள், முந்திய கமிட், எழுதியவர், நேரம், குறிப்பு எல்லாம் சேர்ந்து 40 எழுத்து ஹாஷ் ஒன்றாகின்றன. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறிவிடும். அதனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, நிரல் எந்த சேர்வரில் இருந்து வந்தது என்ற கவலை தேவையில்லை.

இவ்வளவு நல்ல வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, பில்ட் குறிப்புகளில் ‘மெயின் கிளையை எடு’ என்று எழுதுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். கிளை என்பது தினமும் நகரும் பெயர். டேக் நகராது என்று பலர் நம்புகிறார்கள். 2025 மார்ச்சில் அந்த நம்பிக்கைக்குப் பெரிய அடி விழுந்தது. கிட் களஞ்சியங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ கருவி ஒன்றின் பழைய டேக்குகளையெல்லாம், ஊடுருவியவர்கள் தாங்கள் எழுதிய ஒரே கமிட்டுக்குத் திருப்பினார்கள். டேக் பெயரை எழுதியிருந்த திட்டங்கள் அன்று பில்ட் செய்தபோது கடவுச்சொற்களும் சாவிகளும் லொக் கோப்புகளில் அச்சாகின. பழைய கமிட்டின் முழு ஹாஷை எழுதியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

களஞ்சியத்துக்குப் போகாமல் சுருக்கிய பொதியை இறக்குகிறவர்களுக்கு வேறு சிக்கல்கள். 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் பொதிகளின் செக்சம்கள் (சரிபார்ப்பு ஹாஷ்கள்) ஒரே நாளில் மாறின. உள்ளே இருந்த கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கிட்டின் புதிய பதிப்பு சுருக்கும் விதத்தை மாற்றியிருந்தது, அவ்வளவுதான். உலகெங்கும் பில்டுகள் உடைந்ததால் சில மணி நேரத்தில் பழைய முறைக்கே திரும்பினார்கள். பொதியை அளக்காமல், பிரித்தெடுத்த கோப்புகளை அளப்பதுதான் சரி என்பது என் முடிவு. நிக்ஸ் போன்ற கருவிகள் அதைச் செய்து காட்டியிருக்கின்றன. ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்க மென்பொருளில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட சதி இதைவிடக் கொடியது. கதவைத் திறந்துவிடும் வரிகளில் ஒரு பகுதி வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. கிட் களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தைப் படித்தவர்கள் எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் அந்த வரிகள் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

சரியான கமிட் கிடைத்த பின்னும் வேலை முடிவதில்லை. பல மென்பொருட்கள் தங்கள் பதிப்பு எண்ணோடு கமிட் ஹாஷின் முதல் சில எழுத்துகளையும் சேர்த்துக்கொள்ளும். எத்தனை எழுத்து என்பதை, தன்னிடம் இருக்கும் பொருட்களின் (கோப்புகள், அடைவுகள், கமிட்டுகள்) எண்ணிக்கையைப் பார்த்து கிட் தானே தீர்மானிக்கிறது. இணைய வேகம் குறைந்த ஒருவர் அண்மைய வரலாற்றை மட்டும் இறக்கினால் 7 எழுத்து வரலாம். பெரிய களஞ்சியமொன்றின் முழு வரலாற்றையும் வைத்திருப்பவருக்கு 10 எழுத்து வரலாம். கமிட் ஒன்றே, கோப்புகளும் ஒன்றே, ஆனாலும் பில்ட் வேறாகிவிடும். எழுத்துகளின் எண்ணிக்கையை நாமே நிர்ணயித்துவிட்டால் இது தீரும். நேரமும் இப்படித்தான். கிட் இறக்கிய கோப்புகளில், நாம் இறக்கிய நேரமே பதிகிறது. அது நிரலுக்குள் நுழையாதபடி, கமிட்டின் நேரம் போன்ற நிலையான நேரம் ஒன்றைப் பில்டுக்குக் கொடுக்க ‘சோர்ஸ் டேட் ஈபொக்’ என்ற மாறியை டெபியன் குழுவினர் 2015இல் வகுத்தார்கள்.

இதைக் கப்பல் சரக்கை அளப்பதோடு ஒப்பிடலாம். திருகோணமலைத் துறைமுகத்தில், சீனக்குடா பிரீமா மாவாலைக்குக் கோதுமை கப்பலில் வருகிறது. இப்படி மொத்தமாக வரும் சரக்கின் எடையைக் கணிக்க உலகத் துறைமுகங்களில் ‘டிராஃப்ட் சேர்வே’ என்ற முறை உண்டு. இறக்குவதற்கு முன்னும் பின்னும், கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் ஆகிய இடங்களில் இருபக்கமும் நீர்மட்டக் குறிகளைப் படிப்பார்கள். எரிபொருளையும் நிலைநிறுத்தும் நீரையும் கழிப்பார்கள். கடல்நீரின் அடர்த்தியையும் அளப்பார்கள். ஆறு வந்து கலக்கும் இடத்தில் இது கட்டாயம். மகாவலி விழும் கொட்டியாரக்குடாவின் நீரைச் சுத்தமான கடல்நீர் என்று எடுத்துக்கொண்டால் கணக்குப் பிசகும். கப்பல்காரர் தரப்பில் ஒருவரும் சரக்கு வாங்குபவர் தரப்பில் ஒருவரும் தனித்தனியே கணிக்கலாம். விடைகள் நெருங்கி வந்தால் கணக்கை ஏற்பார்கள். மென்பொருளில் நெருங்கி வருவது போதாது, ஒரு பிட்டும் பிசகக்கூடாது. ஆனால் யாரும் எழுதி வைக்காத அந்த ஆற்றுநீரைப் போல, ஹாஷ் நீளமும் கோப்பு நேரமும் கணக்குக்குள் சத்தமில்லாமல் கலக்கின்றன.

பேரிடர்க் கால மென்பொருளுக்கு இது ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணைப்பு அறுந்த ஊரில் கிட்ஹப்பைத் திறக்க முடியாது. முழு வரலாற்றையும் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் கொண்டுபோக கிட்டின் ‘பண்டில்’ வசதி இருக்கிறது. கமிட் ஹாஷ் நம்மிடம் முன்கூட்டியே இருந்தால், அந்தப் பென் டிரைவை யார் கொண்டுவந்தார் என்பது பொருட்டில்லை. உள்ளே மாற்றம் இருந்தால் ஹாஷ் பொருந்தாது. ஆனால் கிட் ஹாஷைக் கணிக்கும் எஸ்எச்ஏ-1 முறையில், 2017இல் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஹாஷ் தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டினார்கள். கிட் இப்போது அத்தகைய மோதலைக் கண்டுபிடிக்கும் சோதனையோடு வருகிறது. என்றாலும் கோப்புகள் முழுவதற்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் ஒன்றையும் சேர்த்து எழுதி வைப்பது நல்லது.

சஹானாவின் நிரல் சோர்ஸ்ஃபோர்ஜோடு நிற்கவில்லை. பைத்தானில் புதிதாக எழுதப்பட்ட ‘ஈடன்’ முதலில் லாஞ்ச்பேடில் பஸார் முறையில் இருந்தது. பிறகு கிட்ஹப்புக்கு வந்தது. பஸாரில் 1, 2, 3 என்று ஓடிய எண்கள் கிட்டுக்குள் வந்ததும் ஹாஷ்களாயின. பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்தவர் இன்று அதற்கு ஈடான கமிட்டைத் தேட வேண்டும். சிவிஎஸ் களஞ்சியத்தைக் கிட்டுக்கு மாற்றுவது இன்னும் கடினம்: எந்தக் கோப்பு மாற்றங்கள் ஒன்றாகச் செய்யப்பட்டவை என்பதை, எழுதியவரையும் நேரத்தையும் வைத்து மாற்றும் கருவி ஊகிக்கிறது. இரண்டு கருவிகள் இரண்டு விதமாக ஊகித்தால் இரண்டு வரலாறுகள் பிறக்கும். அப்போதும் ஒரு குறிப்பிட்ட நாளின் கோப்புகள் ஒன்றாகவே இருந்தால், அந்த அடைவின் ஹாஷ் இரண்டிலும் ஒன்றுதான். பிரான்சின் இன்ரியா 2016இல் தொடங்கிய ‘சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜ்’ காப்பகம் அடைவுக்கும் தனி அடையாளம் கொடுப்பது இங்கே உதவும். தளங்கள் மூடப்பட்டாலும், அங்கே சேர்ந்துவிட்ட அடைவை அந்த அடையாளத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். மாவட்டச் செயலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு நிவாரண மென்பொருளை ஒப்படைப்பவர்கள், கையளிப்புக் கடிதத்திலேயே கமிட் ஹாஷையும் அடைவின் அடையாளத்தையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். இரண்டு வரிக்கு மேல் ஆகாது.

(தொடரும்)